கல்மண்டபத்து அக்காவுக்கு

2020 செப்டம்பர், கொரோனா நேரம். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது, மின்சார ரயில் இன்னும் இல்லை. மாதக்கணக்கில் போனிலேயே பேசிக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ராயபுரம் கல்மண்டபம் பக்கம் சந்தித்தோம். மெஸ்ஸில் பார்சல் மட்டும்தான், உட்கார இடமில்லை. மீன்குழம்புப் பொட்டலத்தோடு வெயிலில் முழித்துக்கொண்டு நின்றவர்களை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, யார் எவரென்றுகூடக் கேட்காமல் மாடிப்படிக் கதவைத் திறந்துவிட்டீர்கள் அக்கா. சொந்தக்காரர்களையே வாசலோடு அனுப்பிய நேரம் அது! குழாயடியில் புதுச் சோப்பு, ஷீட் நிழலில் தள்ளித்தள்ளி மூன்று ஸ்டூல், அப்புறம் கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு ஒரு சொம்பு மோர். காசை நீட்டினால், "போங்கப்பா, மாஸ்க்க ஏத்திப் போட்டுக்கினு பத்திரமா போங்க" என்று விரட்டினீர்கள். பேரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதை அவரிடம் காட்டுங்களேன். ரொம்ப நன்றி அக்கா.