பாடியவர் பேரையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்பே ரேடியோவைப் போட்டுவிடுவேன், ராத்திரி ஷட்டரை இறக்கும்வரை அது பாடிக்கொண்டேதான் இருக்கும். போன வாரம் ஒரு எஃப்.எம்.மில் 'மாலையில் யாரோ' போட்டார்கள். முடிந்ததும் பேசிய தம்பி இசையமைப்பாளர் பேரைச் சொன்னார், கதாநாயகன் பேரைச் சொன்னார், அப்புறம் "சித்ரா அம்மா குரல்ல கேட்டீங்க" என்று போட்டாரே ஒரு போடு! கையிலிருந்த ஜாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டேன். சித்ராம்மா என்றால் எனக்கும் உயிர்தான், ஆனால் அதைப் பாடியது ஸ்வர்ணலதா.

1990இல் அந்தப் பாட்டு இருக்கும் 'சத்ரியன்' படம் வந்தபோது அவருக்கு 17 வயது. அந்த வயசில் பாடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் வித்தை காட்டத்தான் பார்ப்பார்கள், இவரோ பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தனக்குத்தானே பாடிக்கொள்கிறார். எம்.எஸ்.வி. இசையில் யேசுதாஸோடு பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே' பாடி சினிமாவுக்கு வந்தது 1987இல், 14 வயதில். அதே தொண்டைதான் 'ஆட்டமா தேரோட்டமா'வில் அந்த ஆட்டம் போட்டது என்றால் நம்பவா முடிகிறது? 'ராக்கம்மா கையத்தட்டு' கும்மாளத்துக்கு நடுவில் அப்பரின் 'குனித்த புருவமும்' வருமே, அந்த இடத்தில் இன்றைக்கும் என் கால் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிடும்.

'போறாளே பொன்னுத்தாயி' வேறு கதை. 'கருத்தம்மா'வில் அந்த மெட்டு இரண்டு தடவை வரும். உன்னிகிருஷ்ணனும் சுஜாதாவும் பாடியது சந்தோஷம், ஸ்வர்ணலதா பாடியது துக்கம். அதற்குத்தான் தேசிய விருது கிடைத்தது. (உன்னிகிருஷ்ணனுக்கும் அதே வருஷம் கிடைத்தது, ஆனால் வேறு பாட்டுகளுக்கு.) படம் வந்த மறு வருஷம், மழை தண்ணி இல்லாமல் நிலத்தை விற்றுவிட்டு நாங்கள் டவுனுக்குக் கிளம்பினோம். அண்டா குண்டாவோடு லாரியில் உட்கார்ந்து வரும்போது டிரைவர் இந்தக் கேசட்டைப் போட்டுவிட்டார். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கும்போதுகூட அழாத அம்மா, "அதை நிப்பாட்டச் சொல்லு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "சரி, மறுபடி போடச் சொல்லு" என்றாள்.

2010 செப்டம்பர் 12ஆம் தேதி, 37 வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். நுரையீரலில் நோய் என்றார்கள். அதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், படம், பாடியவர், எழுதியவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். என் போன்றவர்கள் பாடகர் பேரையெல்லாம் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான். இப்போது அதற்கு நேரமில்லையாம், விளம்பரத்துக்கு மட்டும் இருக்கிறது. உங்கள் சினிமா பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் ஐயா, பழைய பாட்டைப் பற்றி எழுதினால் பாடியவர் பேரை ஒரு வரியில் போடுங்கள்.

அன்றைக்கே அந்த எஃப்.எம்.முக்கு போன் போட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?" என்றார்கள். ஸ்வர்ணலதா பாடியது ஏதாவது போடுங்கள் என்றேன். சாயங்காலம் 'என்னுள்ளே என்னுள்ளே' போட்டார்கள். பாடியவர் பேரைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
திண்டுக்கல்