அல்சூர் பயிற்சி அறை: மார்ச் 20-க்குள் 2,65,000 ரூபாய் வேண்டும்

பெங்களூர் அல்சூர்வாழ் தமிழ்ச் சொந்தங்கள் அனைவருக்கும் சமுதாயக் கூடக் கமிட்டியின் வணக்கம்.

நம் சமுதாயக் கூடத்தின் கீழ்த்தளத்தில், உடம்பின் அசைவைச் சுருக்கும் மூளை நோயான பார்க்கின்சன் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சி அறை பாதி வேலையில் நிற்கிறது. மார்ச் 20-க்குள் மீதிப் பணத்தைக் கட்டினால்தான் மேஸ்திரி ஆள் அனுப்புவார். ஏப்ரல் 11 உலகப் பார்க்கின்சன் தினம். அன்று காலை சோமேசுவரர் கோயிலில் அர்ச்சனை முடிந்த கையோடு அறையைத் திறப்போம் என்று போன ஆடி மாதம் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். சாமி பேரைச் சொல்லிக் கொடுத்த வாக்கு.

எதற்கு இதெல்லாம், மாத்திரை இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நம் கூடத்துக்கு வரும் ஒரு பெரியவரைச் சொல்கிறோம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசற்படிக்கு வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். கையைப் பிடித்து இழுத்தால் முகம் குப்புற விழுவார். அவர் மனைவி பதறுவதில்லை. தன் காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்க" என்பார். உடனே தாண்டிவிடுவார், அப்புறம் நடை வந்துவிடும். யோசிக்காமலே கால் எடுத்து வைக்கச் சொல்லும் உத்தரவு இந்த நோயில் தடுமாறுகிறது. கண் முன்னால் தாண்ட ஒன்று இருந்தால் மூளை வேறு வழியாக அந்த வேலையைச் செய்துகொள்கிறது. அதனால்தான் தரையில் குறுக்கே வண்ணக் கோடுகள் போடச் சொல்லியிருக்கிறோம். அலங்காரத்துக்கு இல்லை.

நடு மூளையில் கருமை படிந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. அவை ஒவ்வொன்றாக அழியும்போது அசைவு சுருங்குகிறது. கையெழுத்து பொடியாகும், குரல் அடங்கும், முகத்தில் சிரிப்பு தெரியாது, சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆகும். எல்லாருக்கும் கை நடுங்கும் என்றும் இல்லை. டோபமைனை அப்படியே கொடுத்தால் அது மூளைக்குள் போகாது. ஆகவே மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். வழியிலேயே வீணாகாமல் இருக்க கார்பிடோபாவும் சேர்ந்திருக்கும். போன அழிவை இது திருப்பாது, ஆனால் இறுகிய உடம்பை இளக்கும். சில வருடம் போனால் அடுத்த வேளைக்கு முன்பே அதன் பலம் இறங்கிவிடும், அதனால் நேரம் தவறக் கூடாது. பருப்பு, பால் போன்ற புரத உணவோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. எப்போது சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூளைக்குள் மின்கம்பி வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு, ஆனால் லட்சக்கணக்கில் செலவு, எல்லாருக்கும் பொருந்தாது. மாத்திரையோடு விடாத பயிற்சியும் சேர்ந்தால்தான் நடையும் சமநிலையும் கைவசம் இருக்கும். அதற்குத்தான் இந்த அறை.

இந்தப் பெரியவர்கள் யார்? 1809-இல் ஆங்கிலேயரின் பட்டாளக் குடியிருப்பான கண்டோன்மென்ட் இங்கே வந்த பிறகு, பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் கூலி வேலைக்கும் இங்கே வந்து வேரூன்றிய குடும்பங்களின் பிள்ளைகள். 1991 முதல் துணி மூடி நின்ற ஏரிக்கரை வள்ளுவர் சிலைக்காக 18 வருடம் பொறுமையாகக் காத்திருந்தவர்கள். 2009 ஆகஸ்ட் 9 அன்று திரை விலகியபோது கண்கலங்கி நின்றவர்களில் சிலர் இன்று அந்த ஏரிக்கரை வரைகூட நடக்க முடியாமல் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தள்ளாடி நடந்தபோது "காலையிலேயே குடித்துவிட்டார்" என்று சொன்னதும் நம் தெருதான். அந்தச் சொல்லை எந்தக் காசாலும் திரும்ப வாங்க முடியாது. இருந்தாலும் அந்தக் கடன் நமக்கு இருக்கிறது.

கணக்கு இதுதான். வழுக்காத தரையும் கோடுகளும் 1,40,000. சரிவுப் பாதை, கைப்பிடி வைத்த கழிவறை 1,85,000. பிடித்து நடக்க இரட்டைக் கம்பி, கண்ணாடி, பாய், நாற்காலிகள் 1,20,000. வாரம் 2 நாள் பிசியோதெரபிஸ்ட் வர ஒரு வருடத்துக்கு 1,25,000. மாத்திரை வாங்க முடியாதவர்களுக்கான நிதி 1,10,000. மொத்தம் 6,80,000. கைக்கு வந்தது 4,15,000.

அந்த 4,15,000-ஐ எழுதும்போதே கை கூப்பத் தோன்றுகிறது. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாக்கள் தினம் 10 ரூபாய் எடுத்து வைத்து, சில்லறையாகவே 11,000 கொண்டுவந்தார்கள். எண்ணி முடிக்க எங்களுக்கு ஒரு மாலை ஆனது. ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் ஆயுத பூஜைச் செலவைக் குறைத்து 25,000 தந்தார்கள். மகள் கல்யாண விருந்தில் ஒரு வேளையை விட்டு 50,000 கொடுத்த குடும்பம் பெயர் வேண்டாம் என்றது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் கேட்காமலே கொடுத்தார்கள். எல்லாரும் நல்லா இருக்கணும். தருகிறேன் என்று நோட்டில் எழுதிவிட்டு இன்னும் தராத 38 பேரின் பெயரை நாங்கள் படிக்கப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

500 ரூபாயானாலும் சரி. ஞாயிறு காலை 9 முதல் 12 வரை கூடத்து மேசையில் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணமாக முடியாதவர்கள் பெரியவர்களை வீட்டிலிருந்து கூட்டி வந்து விட ஒரு நாள் ஒப்புக்கொண்டால் போதும், அதற்கும் தனி நோட்டு வைத்திருக்கிறோம். 20-ஆம் தேதி மாலை மேஸ்திரி வருகிறார்.