ராத்திரி முழுக்க 3.0

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உணவு பதப்படுத்தும் தொழிலுக்கு உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவிப்பது பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியை வாசித்தேன். எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேருக்குச் சான்றிதழ் என்ற கணக்கெல்லாம் அதில் இருந்தது. உடுமலைப் பக்கம் முப்பது பேரை வைத்துத் தேங்காய்ப் பவுடர் ஆலை நடத்துகிறவன் நான். அந்தக் கணக்கில் வராத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வேலை பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். மட்டை உரித்த காயை வாங்கி, தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியை, தட்டி எடுத்து, பருப்பின் மேலிருக்கும் பழுப்புத் தோலைச் சீவி, கழுவி, வெந்நீரில் போட்டெடுத்து, அரைத்து, சூடான காற்றில் உலர்த்தி, சலித்து மூட்டை பிடிக்க வேண்டும். பிஸ்கட், மிட்டாய் செய்கிறவர்கள் வாங்குவார்கள். பவுடரில் ஈரம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கட்டி பிடிக்கும், மஞ்சளாகும், சிக்கு வாடை வரும்.

போன வருடம் ஒரு லோடு திரும்பி வந்தது. பழி எங்கள் மேல்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது. டிரையரின் காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டிருந்ததை ராத்திரி ஷிப்டில் யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அரை மணிக்கு ஒருமுறை ஈரம் அளந்து எழுத வேண்டிய கட்டங்களில் மேலிருந்து கீழ்வரை 3.0, 3.0, 3.0. ஒரே பேனா, ஒரே சாய்வு. உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் எழுதியது என்று பார்த்தாலே தெரிந்தது. எழுதிய பையன் டிப்ளமோ படித்தவன், மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தவன். "கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு கிளாஸ்ல சொன்னாங்க சார்" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான்.

எங்கள் ஆலையில் பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார். தோல் சீவ வந்தவர், இப்போது டிரையர் பக்கம் நிற்கிறார். வெளியே வரும் பவுடரை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கி, விரலை மெல்லத் திறப்பார். மணல் போல உதிர்ந்தால் சரி. உருண்டை கொஞ்சம் நின்று அப்புறம் உடைந்தால், "இது இன்னுங் கொஞ்ச நேரம் ஓடோணுங் சாமி" என்பார். மீட்டரில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னபடியே இருக்கும். ஆனால் அவருக்குப் பதிவேடு எழுத வராது. கொள்முதல் செய்யும் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர் கேட்பது பதிவேட்டை, பெரியக்காவின் கையை அல்ல. எழுதத் தெரிந்த பையனுக்கோ அந்தக் கைப்பிடி தெரியாது. இந்த இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒருவருக்கு எழுத்தையும் இன்னொருவருக்குக் கைப்பழக்கத்தையும் கொடுக்கிற பயிற்சி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

பார்த்ததெல்லாம் மண்டபத்தில் நடப்பது. சுவரில் ஆங்கிலத்தில் படம் ஓடும், மதியம் சாப்பாடு நன்றாக இருக்கும், கடைசியில் குழுப் புகைப்படம். 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு நல்லதுதான். ஆனால் நடைமுறையில் அது சுவரில் மாட்டச் சான்றிதழ் தேடுகிற வேலையாகிவிடுகிறது, நானும் தேடியவன்தான். எங்களுக்கு வந்த இரண்டு அழைப்பும் மார்ச் மாதத்தில். நிதியாண்டு முடிவதற்குள் நடத்தியாக வேண்டும் போலிருக்கிறது. இங்கே கோடைக் காய் வந்து குவிகிற நேரம் அது. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களங்களில் நிற்க நேரமிருக்காது. யாரை அனுப்புவது?

ஐப்பசி, கார்த்திகையில் வையுங்கள். மழையில் களம் காயாது, காய் வரத்தும் மட்டுப்படும். கையில் ஆள் இருக்கும், மெஷினைக் கழற்றிக் காட்ட நேரமும் இருக்கும். இடம் ஆலைத் தளமாகவே இருக்கட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிற பையன்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும். அவர்களை விட்டுவிட்டு 'உள்ளூர் ஆட்கள்' என்று மட்டும் பேசினால் எங்கள் ராத்திரி ஷிப்டில் பாதிப் பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

உள்ளூர்ப் பெண்கள் ஏன் வருவதில்லை என்றும் செய்தியில் கேட்டிருந்தீர்கள். பனியன் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஏற்றிப்போகிறது. எங்களிடம் வந்தால் நாள் முழுக்கத் தேங்காய்த் தண்ணீரில் கை ஊறித் தோல் உரியும். பயிற்சி முடித்து வந்தாலும் சம்பளம் ஏறுவதில்லை. ஏற்றாதவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. கையுறையும் பத்து ரூபாய் கூடுதலும் செய்கிறதை எந்த விழிப்புணர்வு முகாமும் செய்யாது.

வேலை செய்துகொண்டே தொழில் படிப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926இல் தொடங்கியது. அதன் தொழிற்கூடத்தில் பம்பும் லேத்தும் செய்துகொண்டேதான் பையன்கள் தொழில் படித்தார்கள். செய்த பொருள் சந்தைக்கும் போனது. பம்புக்கு நடந்தது பவுடருக்கு நடக்காதா? ஈரோட்டு மஞ்சளை வேகவைத்து மெருகேற்றுகிற இடத்திலும், சேலத்து ஜவ்வரிசி ஆலையிலும் இதே போலக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

2020இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் சிறு உணவுத் தொழில்களுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். அதில் வந்த பயிற்சி பெரும்பாலும் கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறவருக்கானது. மெஷினை ஓட்டப்போகிறவருக்கு மூன்று மாதம் உதவித்தொகை, சொல்லிக்கொடுக்கிற பெரியக்காக்களுக்கு ஆசிரியர் சம்பளம், இந்த இரண்டையும் சேர்த்தால் போதும்.

எங்கள் ஆலையில் வரும் ஐப்பசியில் பத்துப் பேருக்கு இடம் தருகிறேன். பெரியக்காவிடமும் கேட்டுவிட்டேன். "பேசச் சொன்னா வரமாட்டனுங், செஞ்சு காட்டச் சொன்னா வர்றனுங்" என்றார். ஐடிஐக்காரர்கள் யாராவது முன்வந்தால் முகவரியை உங்கள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தேங்காய்ப் பவுடர் ஆலை நடத்தும் வாசகர்,
உடுமலைப்பேட்டை