அந்த 40 நொடி

மன்னார்குடி,
வைகாசி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ பேசியதிலிருந்து அதே நினைப்புதான். போனில் எனக்குக் கோவையாகச் சொல்ல வரவில்லை. நீ எடுக்கிற கொலைப் படத்தின் முதல் பாதி இழுவையாக இருக்கிறது, 15 நிமிஷம் குறைக்கச் சொல்கிறார்கள் என்றாய். முதலில் வெட்டச் சொல்வது, அந்தப் பெண் முற்றத்துத் தூணில் சாய்ந்து நிற்க, அவன் தண்ணீர் குடித்து முடித்த பிறகும் சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிற 40 நொடியை. அதில் ஒன்றுமே நடக்கவில்லையாம். நீ சொல்லிக் கேட்டதற்கே எனக்கு அந்தச் சொம்பு கண்ணில் நிற்கிறது, அம்மாடி. கொலை நிச்சயமாகிற இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

போன வருஷம் கத்திரியில் வந்திருந்தபோது 'பாடி ஹீட்' என்கிற இங்கிலீஷ் படத்தைப் போட்டுக் காட்டினாயே. பாதியில் கரண்ட் போய் விசிறி நின்றுவிட்டது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்ததால் படம் மட்டும் ஓடியது. பாமணியாற்றுப் பக்கமிருந்து பொட்டுக் காற்று இல்லை. படத்தில் ஃப்ளோரிடா அனலில் கிடக்கிறது, இங்கே என் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. அதில் வரும் வக்கீல், தான் ஆசைப்பட்டவளின் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளையே பார்த்து, கடைசியில் நாற்காலியைத் தூக்கி வீசி உடைத்துக்கொண்டு உள்ளே போவான். அவன் சுற்றிவந்ததைக் காட்டாமல் உடைத்ததை மட்டும் காட்டியிருந்தால் அவன் வெறும் போக்கிரி. சுற்றிவந்ததால் நானும் அவனோடு நின்றேன். அப்பாவோடு பார்க்கிற படமா இது என்று நீ கூச்சப்பட்டாய். 31 வருஷம் தியேட்டர் கேபினில் புரொஜெக்டர் ஓட்டிக்கொண்டு நின்றவன் நான். ஆசையைக் காட்டுகிற படம் வேறு, ஆபாசம் வேறு என்று எனக்குத் தெரியும்.

1981-ல் வந்த படம். லாரன்ஸ் காஸ்டன் டைரக்ட் செய்த முதல் படம், கேத்லீன் டர்னர் நடித்த முதல் படமும் அதுதான் என்றாய். அப்புறம் நீ சொன்ன ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. படம் எடுத்தபோது அங்கே குளிராம். பேசினால் வாயிலிருந்து ஆவி தெரியும் என்று நடிகர்கள் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு நடித்தார்களாம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இங்கே எனக்கு மூச்சு முட்டியது. வியர்வையைத் தண்ணீராகத் தெளித்துவிடலாம். புழுக்கத்தைத் தெளிக்க முடியாது. அதற்கு நேரம் கொடுத்தாக வேண்டும்.

வெயில் என்றால் நிழலில் ஒதுங்கலாம். புழுக்கத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. வெளியே சொல்ல முடியாமல் மனசுக்குள் கிடந்து வேகிறதையும் நாம் புழுக்கம் என்றுதானே சொல்கிறோம்? உன் அப்பாயி கொல்லையில் நெல் அவிக்கும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். முதல் நாளே ஊறப்போட்ட நெல்லை அண்டாவில் ஏற்றி, மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடி, அடுப்பை ஒரே சீராக எரியவிடுவார்கள். சாக்கை மீறி ஆவி வந்து, நெல் வாய் பிளக்கிற வரைக்கும் தொடமாட்டார்கள். அவசரப்பட்டு இறக்கிய நெல் மில்லுக்குப் போனால் அரிசியின் நடுவில் வெள்ளை தெரியும், பாதி நொய்யாகத்தான் வரும். முதல் பாதியில் கைவைத்தால் உன் படத்தில் கொலை அப்படித்தான் உடைந்துபோகும்.

கேபினில் 2000 அடி ரீல் ஒன்று 22 நிமிஷம் ஓடும். அதற்குள் அடுத்த மெஷினில் வெளிச்சத்துக்கான கார்பன் குச்சியைச் சரிசெய்துவிட்டு, திரையின் வலது மேல் மூலையில் ரீல் மாற்றச் சொல்கிற புள்ளி வருகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்து நிற்க வேண்டும். ஒரே படத்தை வாரத்துக்கு 28 ஆட்டம் பார்த்தவனுக்குத் திரையைவிட ஜனங்களின் பின்னந்தலைதான் நிறையச் சொல்லும். சண்டை வந்தால் தலைகள் ஆடும், விசில் பறக்கும், முறுக்குக்காரர் நடுவில் புகுந்து விற்பார். ஒருவன் தப்பு செய்யப் போகிறான், ஆனால் இன்னும் செய்யவில்லை என்கிற காட்சி வந்தால் முறுக்குக்காரரே தட்டோடு நின்றுவிடுவார். அப்போது கேபினுக்குள் என் மெஷின் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கும்.

1944-ல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி'யை நினைத்துப் பார். கொன்றது நான்தான் என்று கதாநாயகனே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறான். ஆனாலும் பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு வந்து காரில் ஏறும்போது, அது ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிக்க, நமக்கு வயிற்றைப் பிசைகிறது. நல்லவர்களை ஒரு கொலைகாரனுக்காகப் பதற வைக்கிறார்கள். அதுவரை அவனோடு கூட இருந்து வெந்தவர்களுக்குத்தான் அந்தப் பதற்றம் வரும்.

அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று சொல்லமாட்டேன். போலீஸ்காரர் இரண்டாம் தடவை வந்து கேட்டதையே கேட்கிறார் என்றாயே, அதைத் தூக்கிவிடு. அந்த டீக்கடைப் பேச்சும் வேண்டாம். ஒவ்வொரு காட்சி முடியும்போதும் அவன் ஓர் அடியாவது உள்ளே இறங்கியிருக்கிறானா என்று பார். இறங்கியிருந்தால் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் இருக்கட்டும். 15 நிமிஷம் தேறாது, 6 அல்லது 7 தேறும். உன் எடிட்டர் சாரிடம் மரியாதையாக, ஆனால் தயங்காமல் சொல்.

அம்மா வடகம் போட்டு வைத்திருக்கிறாள். ஆடிப்பெருக்குக்கு வரும்போது அந்தக் காட்சியை இப்போது இருக்கிற நீளத்திலேயே கொண்டுவா. விசிறியை நிறுத்திவிட்டு, மூன்று பேருமாக உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா