கேமராவுக்கும் கதவைத் திறந்த ஆறு வீட்டாருக்கு

வீட்டு வேலையைப் பற்றிய என் ஆய்வேட்டைப் போன வாரம் கொடுத்துவிட்டேன். அதில் நன்றி சொல்லக் கிடைத்த ஒரு பக்கம் எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்த மடல். பெயரை வெளியில் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி மதுரையில் செல்லூர், வில்லாபுரம், அனுப்பானடி வீட்டாருக்கு. அடுப்படி அலமாரியில் கேமராவை வைத்துவிட்டு "எப்பவும் போல இருங்க" என்ற என்னை நீங்கள் திருப்பி அனுப்பவில்லை.

2019-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் ஒரு நாளில் அதற்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக இருக்கிறது. முந்தின நாளை அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுதிய கணக்கு. நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். வில்லாபுரத்து மதினி, சாயங்காலம் "பூக் கட்டினேன்" என்று முடித்துவிட்டார்.

வீடியோவில் பார்த்தால், மடியில் மல்லிகை மொட்டு, விரலில் வாழைநார். பின்னால் குழாயடியில் குடம் நிறைகிறது. திரும்பாமலே, தண்ணீர் விழும் சத்தம் மாறுவதை வைத்து, "தம்பி, குடத்த மாத்துடா" என்கிறார். கை நிற்கவில்லை. இருவரும் சேர்ந்து பார்த்தபோது, "இதெல்லாமா ஒரு வேலை?" என்று சிரித்தவர், அப்புறம் "இன்னொருக்கா போடு" என்றார். மூன்றாம் முறை அவரே நிறுத்தச் சொன்னார். "இந்தா, இங்க குக்கர்ல மூணாவது விசில். ஒனக்குக் கேட்டுச்சா?" எனக்குக் கேட்டிருக்கவில்லை. மதினி, என் நான்காம் இயல் முழுக்க அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

செல்லூர் அப்பத்தா, வேண்டாத நேரத்தில் கேமராமேல் துண்டைப் போடலாம் என்பது நீங்கள் வகுத்த விதி. சாமி கும்பிடும்போது, பேத்திக்குத் தலை சீவும்போது துண்டு விழும். மற்ற ஐந்து வீட்டிலும் அதையே வைத்துக்கொண்டேன்.

ஹார்ட் டிஸ்க் பழுதானபோது என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, ஒரு பதிவைக்கூடத் திறந்து பார்க்காமல் எல்லாவற்றையும் மீட்டுத் தந்த கடைக்கார அண்ணனுக்கும், மதுரைப் பேச்சைத் திருத்தாமல் எழுதித் தந்த தோழிகளுக்கும், பொறுமையாக வழிகாட்டிய நெறியாளர் அம்மாவுக்கும் நன்றி.

அழிக்கச் சொன்ன பகுதிகளை அழித்துவிட்டேன். மீதியை வீட்டுக்கு ஒரு பென்டிரைவாகப் போட்டு வைத்திருக்கிறேன். மதினி, தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்து வருகிறேன். குடம் நான் மாற்றுகிறேன்.