வில்லனுக்கு எத்தனை எபிசோடு?

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் லேசாயிற்று. டாக்டர் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொன்னதும் சமையலறையை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு நீ டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாய் பார், அந்தச் சாமர்த்தியம் உனக்குத்தான் வரும். கடிதத்தில் பாதிக்கு மேல் ‘எதிர்நீச்சல்’ தொடரின் வில்லன் ஆதி குணசேகரனுக்கே போய்விட்டது. ‘இவனைப் போல ஒரு வில்லனை உன் கொரியாக்காரர்கள் காட்டட்டும், பார்க்கலாம்’ என்று சவால் வேறு விட்டிருக்கிறாய். இதற்குப் பதில் எழுதாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது என்று தெரிந்துதானே எழுதினாய்?

இங்கே எல்லோரும் நலம். மருமகளுக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது. பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் பார்க்க வேண்டும். மற்ற செய்திகள் கடைசியில்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குணசேகரன் அசல் வில்லன். மாரிமுத்து அந்தப் பாத்திரத்தில் நடித்தார் என்று சொல்லவே எனக்கு வாய் வருவதில்லை. நம் ஊர்ப் பக்கம் கல்யாண வீடுகளில் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யார் மொய் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்களை அப்படியே எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். படித்த பெண்களாகப் பார்த்துத் தம்பிகளுக்குக் கட்டிவைத்து, அவர்களை அடுப்படியில் அடைத்துவைக்கும் ஆள் அவன். ஜனனியைப் பெண் கேட்கும்போது வேலைக்குப் போகலாம் என்று இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டு, தாலி ஏறியதும் பேச்சை மாற்றினானே, அந்த இடத்தில் துப்பாக்கியும் இல்லை, அடியாளும் இல்லை. சொன்ன சொல்லை விழுங்கிவிட்டு, அதைக் கேட்டவளைத்தான் குற்றவாளி ஆக்கினான். எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்!

ஆனால் அந்த வில்லனுக்கு நம் வீடுகளில் என்ன ஆயிற்று என்று யோசித்தாயா? ‘இந்தாம்மா ஏய்’ என்று அவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. எங்கள் வீட்டில் இவர் காபி கேட்கவே அதைத்தான் சொல்ல ஆரம்பித்தார். நானும் முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. பெண்களை மட்டம் தட்டுகிறவனின் குரல் எப்படிக் கேலிக்குரலாகி, கேலிக்குரல் எப்படிச் செல்லக்குரலானது? மாரிமுத்துவின் நகைச்சுவை உணர்வு அவ்வளவு கூர்மை. அவன் எது பேசினாலும் ரசிக்கத் தோன்றியது. கதை அந்தப் பெண்களுடையது என்று சொன்னார்கள், நாம் காத்திருந்ததோ அவன் வருகைக்கு.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி அந்தத் தொடருக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மாரடைப்பில் போய்விட்டார் என்று செய்தி வந்ததே, அன்று நீ தொலைபேசியில் அழுதது நினைவிருக்கிறது. தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சினிமாக் கனவோடு சென்னைக்கு வந்து, உதவி இயக்குநராகக் காலம் தள்ளி, ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ என்று இரண்டு படங்கள் இயக்கியவர். ஒரு வில்லனாகத்தான் கடைசியில் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். கொஞ்ச நாள் குணசேகரனைக் காட்டாமலே கதையை ஓட்டினார்கள், பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முகத்திலும் குரலிலும் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது, உண்மையில் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மக்கள் பழைய ஆளைத் தேடினார்கள். சிரிக்கவைத்த கொடுமைக்காரனை இழந்ததுதான் அவர்களுக்குக் குறை. எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

இதற்குக் காரணம் நடிகர் மட்டும் இல்லை, எபிசோடு கணக்கு என்று எனக்கு ஒரு எண்ணம். நம் தொடர்களில் வில்லனுக்கு முடிவுத் தேதி கிடையாது. ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை ஓடியது, போதாதென்று அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பாகம் ஆரம்பித்தார்கள். அதை இயக்கிய திருச்செல்வம் முன்பு எடுத்த ‘கோலங்கள்’ 2003இலிருந்து 2009 வரை, 1,500 எபிசோடுகளைத் தாண்டியது. அதன் கதாநாயகி அபிக்கு வில்லன் ஆதித்யா கொடுத்த தொல்லையைப் பார்த்துக்கொண்டே நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்! தொடர் நடக்க வேண்டுமானால் வில்லன் தோற்கக் கூடாது, ஜெயிக்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை மாட்டிக்கொள்வான், திங்கட்கிழமை தப்பிவிடுவான். வாரா வாரம் வீட்டுக்கு வந்துபோகிறவன்மீது எத்தனை நாளைக்குக் கோபத்தைக் காப்பாற்றுவது? பழகிப்போய்விடுகிறது. ஆதித்யாவை நடுவில் எனக்குப் பிடித்தே போயிற்று என்று உன்னிடம் சொன்னால் நீ அடிப்பாய்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ‘தி குளோரி’ என்று ஒரு கொரியத் தொடர். மொத்தமே பதினாறு எபிசோடுதான். முதல் பாதி 2022 டிசம்பர் கடைசியிலும் மறுபாதி 2023 மார்ச்சிலும் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, எழுதியவர் கிம் உன் சூக். நான் இப்போதுதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் தோங் உன் என்ற ஏழைப் பெண்ணை ஒரு பணக்காரக் கூட்டம் வதைக்கிறது. முடி சுருட்டும் கருவியைச் சூடாக்கி அவள் உடம்பில் வைக்கிறார்கள். சாந்தி, அந்தக் காட்சியை மட்டும் நீ தள்ளிவிட்டுப் பார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கூட்டத்தின் தலைவி பார்க் யோன் ஜின். நடித்தவர் லிம் ஜி யோன், அதற்காகக் கொரியாவின் பெக்சாங் விருது வாங்கினார். கொடுத்தது நியாயம்.

வளர்ந்தபின் இந்த யோன் ஜின் என்ன வேலை பார்க்கிறாள் தெரியுமா? டிவியில் வானிலை வாசிக்கிறாள். நல்ல கணவன், ஒரு பெண் குழந்தை, பளிங்கு போல முகம். பழையதெல்லாம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. இதுதான் என்னை அறைந்தது. மனச்சாட்சி உறுத்தி அதை அடக்குகிற ஆள் இல்லை அவள், உறுத்த அங்கே ஒன்றுமே இல்லை. தோங் உன் நேரில் வந்து நின்ற பிறகும், ‘நீ பிறந்ததிலிருந்தே உன் வாழ்க்கை நரகம்தானே, அதில் நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்’ என்ற தொனியிலேயே பேசுகிறாள். அடிபட்டவளோ ஒன்றையும் மறக்கவில்லை. கூலி வேலை செய்து, தேர்வுகள் எழுதி, ஆசிரியையாகி, யோன் ஜினின் மகள் படிக்கும் வகுப்புக்கே போய் நிற்கிறாள். யோன் ஜினின் கணவன் பாதுக் விளையாடுவான் என்பதற்காக, கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் அந்த ஆட்டத்தையும் கற்றுக்கொள்கிறாள். கதை முழுக்க அவள் மனத்துக்குள் யோன் ஜினோடு பேசிக்கொண்டே இருக்கிறாள், கடிதம் எழுதுவதுபோல, பெயர் சொல்லிக் கூப்பிட்டு. நான் உனக்கு எழுதுவதுபோலத்தான். பகையும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை.

யோன் ஜினைவிட மோசமான ஒருத்தி அந்தக் கதையில் இருக்கிறாள் என்பேன். தோங் உன்னைப் பெற்றவள். பணத்தை வாங்கிக்கொண்டு, மகள் தானாகவே பள்ளியை விட்டு நின்றுவிட்டாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். பல ஆண்டு கழித்தும் திரும்பி வந்து மகளின் வேலையைக் கெடுக்கிறாள், குடித்துவிட்டு அறைக்குத் தீ வைக்கிறாள். நம் தொடரில் ஒரு தாயை இப்படி எழுத விடுவார்களா? மாமியாரைக் கொடுமைக்காரியாக்கலாம், நாத்தனாரை ஆக்கலாம், சித்தியை ஆக்கலாம். பெற்றவள் கெட்டவளாக இருந்தால் நானூறாவது எபிசோடில் திருந்தி அழ வேண்டும். இந்தத் தாய் திருந்தவில்லை, அழவும் இல்லை.

எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்காதே. முடிவு எனக்கு அவ்வளவு ஒப்பவில்லை. ஆளுக்கு ஒரு தண்டனையாகப் பங்கிட்டிருக்கிறார்கள். ஒருவனுக்குக் கண் போகிறது, அதோடு ஈர சிமெண்டில் விழுந்து மாள்கிறான். ஒருத்திக்குக் குரல் போகிறது. வானிலை வாசித்தவள் சிறையில் மற்ற கைதிகளின் மிரட்டலுக்குப் பயந்து அவர்கள் முன்னால் வானிலை வாசிக்கிறாள். பார்க்கும்போது கை தட்டினேன், மறைக்கவில்லை. மறுநாள் யோசித்தால், வாழ்க்கையில் யாருக்கு இப்படி வட்டியும் முதலும் பைசா பிசகாமல் வந்து சேர்ந்திருக்கிறது? நீயும் நானும் ஹாஸ்டலில் ஒருத்தியிடம் பட்டபாடு உனக்குத் தெரியும். அவள் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள், பேத்திக்குக் காது குத்திய படத்தைப் போன வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நான் பூங்கொத்துப் படம் ஒன்றைப் பதிலுக்குத் தட்டிவிட்டேன். வேறென்ன செய்வது?

அமெரிக்கத் தொடர்கள் பக்கம் நான் அதிகம் போவதில்லை. மகன் வற்புறுத்தி ‘பிரேக்கிங் பேட்’ பார்க்கவைத்தான். அதில் கஸ் ஃபிரிங் என்று ஒருவன், கோழி வறுவல் கடை முதலாளி, போதைப்பொருள் வியாபாரம் மறைவில். கடையில் மேசை துடைப்பான், வாடிக்கையாளரிடம் பணிவாகப் பேசுவான். ஒரு காட்சியில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் பாதுகாப்பு உடை போட்டுக்கொள்கிறான், தன் ஆளின் கழுத்தையே அறுக்கிறான், கழுவிக்கொண்டு மறுபடி கோட்டைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போகிறான். கத்தலே இல்லை. நம் வில்லன்களுக்குக் கொடுக்கும் பின்னணி இசையில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. இவர் பாதியில் எழுந்து போய்விட்டார், ‘இதற்கு நம் குணசேகரனே தேவலை’ என்று. நீங்கள் இருவரும் ஒரே கட்சி.

உன் சவாலுக்கு என் பதில் இதுதான். குணசேகரன் நமக்குத் தெரிந்த ஆள், அவனை எங்கே வைப்பது என்று நமக்குத் தெரியும். யோன் ஜினை நாளைக்குப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது, நல்ல பெண் என்றுதான் நினைத்துப் பேச்சுக் கொடுப்பேன். அதனால் என் ஓட்டு அவளுக்கு. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

கண் முழுக்கத் தெளிந்ததும் நேராகக் ‘குளோரி’க்குப் போகாதே, மனம் கனத்துவிடும். ‘வின்சென்சோ’விலிருந்து ஆரம்பி. இருபது எபிசோடு, 2021இல் வந்தது. அதில் சோய் மியோங் ஹீ என்று ஒரு பெண் வழக்கறிஞர், முன்னாள் அரசு வழக்கறிஞர். ஆளைத் தீர்த்துக்கட்டச் சொல்லிவிட்டு ஜூம்பா நடனம் ஆடுகிறவள். கிம் யோ ஜின் என்ற நடிகை வெளுத்து வாங்கியிருக்கிறார். நம் வயதுப் பெண்களுக்கு இப்படி ஒரு வேடம் இங்கே யாராவது எழுதமாட்டார்களா என்று ஏக்கமாக இருந்தது. இன்னொரு பெரிய வில்லனும் உண்டு, அவன் யார் என்று நான்காவது எபிசோடு முடிவில்தான் தெரியும். அதனால் உன் பழக்கப்படி கடைசி எபிசோடை முதலில் பார்த்து வைக்காதே.

பத்மாவின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், தஞ்சாவூரில். உனக்கும் பத்திரிகை வரும். இரண்டு நாள் முன்னதாக இங்கே வந்துவிடு, சேர்ந்து போகலாம். அண்ணனையும் அழைத்து வா, இவருக்குக் கட்சி சேர ஆள் கிடைக்கும். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். நீ கேட்ட நார்த்தங்காய் ஊறுகாய் தயார், வரும்போது எடுத்துக்கொண்டு போ. பதில் போடு, அதில் ஆதித்யாவா குணசேகரனா என்று ஒரு முடிவைச் சொல்.

அன்புடன்,
கோமதி