மீ கோரெங் சாற்றில் நிலக்கடலை: மூன்றாவது முறையாக எழுதும் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு புறப்படும் முன்பே உங்கள் சேவை எண்ணை அழைத்து, என் ஏழு வயது மகனுக்கு நிலக்கடலை கடுமையாக ஒத்துக்கொள்ளாது என்று விளக்கி, உங்கள் உணவகத்தின் மீ கோரெங்கில் (வறுத்த நூடுல்ஸ்) அது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். பினாங்கில் உள்ள உங்கள் கர்னி டிரைவ் கிளையில் மறுபடியும் கேட்டபோது, "மேலே தூவவில்லை" என்று பதில் வந்தது. நான் கேட்டது தூவுவதைப் பற்றியன்று, சாற்றில் அரைத்துக் கலந்திருப்பதைப் பற்றி. அந்தச் சாறு உங்கள் மையச் சமையலறையிலிருந்துதான் கிளைகளுக்குப் போகிறது. அதில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாதிருக்க வழியே இல்லை.

இரண்டு வாய் உண்பதற்குள் அவன் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. தொடையில் அட்ரினலின் ஊசியைப் போட்டு 999ஐ அழைத்தேன். அடங்கிய அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்பக்கூடும் என்பதால் இரவு முழுவதும் அவனை மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது இது: "இப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க வேண்டியதுதானே?"

பிறகு, ரசீதுடன் நேரில் வாருங்கள் என்றீர்கள். வேலைக்கு விடுப்பு எடுத்து, ரயிலில் பட்டர்வொர்த் வட்டார அலுவலகத்துக்கு வந்தேன். அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த மின்னஞ்சலைத்தான் நான் ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பியிருந்தேன். ஒரு நாள் முழுவதும் வீண். அந்த மேற்பார்வையாளரின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. "வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க வேண்டியதுதானே" என்ற சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. வெளியில் ஒரு கவளம்கூட உண்ண அவன் இப்போது மறுக்கிறான். எங்கள் குடும்பத்தின் நிம்மதியே போய்விட்டது.

கடையில் வாங்கும் சிறு பிஸ்கட் பொட்டலத்தில்கூட, 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி நிலக்கடலை சேர்ந்திருந்தால் அச்சிட்டாக வேண்டும். அந்தப் பொட்டலம் சொல்வதை உங்கள் பணியாளர்கள் ஏன் சொல்ல மாட்டார்கள்?

உங்களோடு சண்டையிடுவது என் நோக்கமன்று. உங்கள் சாறுகள் ஒவ்வொன்றிலும் சேரும் பொருள்களின் பட்டியலையும், அந்த மேற்பார்வையாளர் எழுதும் மன்னிப்பையும், மருத்துவமனைச் செலவையும் தயவுகூர்ந்து 14 நாட்களுக்குள் அனுப்பி வையுங்கள். தவறினால், 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் இக்கடிதத்தின் நகலை அனுப்புவேன்.

இங்ஙனம்,
சிறுவனின் தாய்,
கோலாலம்பூர்